மதராஸ் பெயரில் பறந்த குண்டு விமானங்கள்

(கொடைக்கானல் மலையில் பூண்டி கிராமத்தில் நடைபெற்ற செப்டம்பர் 1 சமாதான தினக் கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை. இடம் கருதிச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



நாளெல்லாம் காட்டில் வேலை செய்துவிட்டு, இந்தக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சமாதான தினம் என்றால் வழக்கமாக ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசுவோம், அணுகுண்டைப் பற்றிப் பேசுவோம், தீர்மானம் போடுவோம். இன்று வேறு ஒரு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இங்கே ஒரு இளைஞர் கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம்.

நம் பூண்டிக்குத் தெற்கே, மலை முகட்டில், பேரிஜத்திலிருந்து வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனுக்கும் மூணாறுக்கும் ஒரு ரோடு போயிற்று. 1990-ல் அதை மூடிவிட்டார்கள். அதற்கு 'எஸ்கேப் ரோடு' என்று பெயர். தப்பிக்கிற ரோடு! "யாரிடமிருந்து யார் தப்பிக்க?" என்று அந்த இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் லண்டன் வரைக்கும் போய்விடலாம் தோழர்களே.

1942-ஆம் வருஷம். அதற்கு முந்திய டிசம்பரில் ஜப்பான் ராணுவம் மலேயாவில் இறங்கியது. பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறினார்கள். அங்கிருந்த தமிழனையும் சீனனையும் மலாய்க்காரனையும் விட்டுவிட்டுப் போனார்கள். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியே நடந்தார்கள். வழி நெடுகச் செத்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை.

மதராஸ் கிடுகிடுத்துப் போயிற்று. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று கவர்னர் சர்க்கார் சொன்னதும், லட்சக்கணக்கில் ஜனங்கள் மூட்டையைக் கட்டினார்கள். ஹைக்கோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சிங்கத்தையும் புலியையும் சுட்டே கொன்றார்கள். அந்தச் சமயத்தில்தான் நம் மலை ரோட்டைச் செப்பனிட்டு வைத்தார்கள். ஜப்பான்காரன் வந்துவிட்டால், கொடைக்கானலில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் மூணாறு போய், கொச்சிக்கு இறங்கி, கப்பலேறி விடலாம் என்று. பர்மாவிலிருந்து நடந்து வந்த தமிழனுக்கு ரோடு இல்லை. கொடைக்கானல் துரைக்கு ரோடு தயார்!

சரி, ஓடுவதற்கு ரோடு போட்டார்களே, தடுப்பதற்கு என்ன வைத்திருந்தார்கள்? உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யமாயிற்றே, ஆகாய விமானம் இல்லையா? இருந்தது தோழர்களே. அது எங்கே இருந்தது என்பதுதான் கதை.

ஏப்ரல் 9-ந் தேதி காலையில் கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து ஒன்பது பிளென்ஹீம் விமானங்கள் கிளம்பின. 11-ஆவது ஸ்குவாட்ரன். ஒவ்வொன்றிலும் மூன்று பேர். ஜப்பானுடைய விமானம் தாங்கிக் கப்பல்கள் ஐந்து கடலில் நின்றன. அவற்றைத் தாக்க இந்த ஒன்பது! அவர்கள் கப்பலைக் கண்டுபிடித்தார்கள், குண்டும் போட்டார்கள். 'அகாகி' என்ற தலைமைக் கப்பலைச் சுற்றித் தண்ணீர்தான் எழும்பியது. ஒரு குண்டும் படவில்லை. ஜப்பானியச் சண்டை விமானங்கள் அவர்களைத் துரத்தின. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு எதிரே 'ஹெர்மீஸ்' என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் முந்நூறு பேருக்கு மேல் ஆட்களோடு மூழ்கியது.

இதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், மார்ச் 28 இரவு, ஜெர்மனியில் லூபெக் என்ற ஊருக்கு 234 விமானங்களை அனுப்பியிருந்தார்கள். பழைய காலத்து மரவீடுகள் நிறைந்த ஊர். நன்றாகத் தீப்பிடிக்கும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த ஊர். இந்தியாவில் பிரதம சேனாதிபதியாக இருந்த வேவல் துரையே லண்டனுக்குத் தந்தியடித்துக் குமுறினார்: இங்கே இருபது விமானம்கூட இல்லாமல் நாங்கள் கப்பல்களைப் பறிகொடுக்கிறோம், அங்கே ஒரே ஊருக்கு இருநூறா என்று. அவர் நமக்காகப் பரிந்து பேசினார் என்று நினைத்துவிடாதீர்கள். சாம்ராஜ்யத்தின் வேலைக்காரரே கேட்டார் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதிலே இன்னொரு விசேஷம். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டு விமானப் பிரிவில் 35-ஆவது ஸ்குவாட்ரன் என்று ஒன்று இருந்தது. அதன் முழுப் பெயர் என்ன தெரியுமா? '35-ஆவது மதராஸ் ராஜதானி ஸ்குவாட்ரன்'! ஆமாம், நம் மதராஸ்தான். காலனிகளும் சமஸ்தானங்களும் யுத்த நிதிக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பெயரை ஒரு ஸ்குவாட்ரனுக்குச் சூட்டுவது அவர்கள் வழக்கம். முதல் உலக யுத்தத்தில் நிஜாம் பணம் கொடுத்தார். 110-ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'ஹைதராபாத்' என்று பெயர். யுத்தம் அறிவித்த மறுநாளே, 1939 செப்டம்பர் 4-ந் தேதி, ஜெர்மன் யுத்தக் கப்பல்கள் மேல் நடந்த முதல் குண்டு வீச்சுக்குத் தலைமை தாங்கியது அந்த ஹைதராபாத் ஸ்குவாட்ரன்தான். இரண்டு ஸ்குவாட்ரன்களிலிருந்து பத்து பிளென்ஹீம்கள் தாக்கின, ஐந்து விழுந்தன. முதல் நாள் கணக்கே பாதிக்குப் பாதி!

யுத்த நிதி என்றால் என்னவென்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. ஜமீன்தாரும் மிட்டாதாரும் ராவ் பகதூர் பட்டத்துக்காகப் பெரிய தொகை எழுதினார்கள். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது, குடியானவன் வாரத்திலிருந்துதான் வந்தது. குடியானவனைக் கேட்டா பெயர் வைத்தார்கள்?

மதராஸ் நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஏப்ரல் மாதத்தில் மதராஸ் ராஜதானி ஸ்குவாட்ரன் எங்கே இருந்தது? இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில் லின்டன் என்ற தளத்தில் இருந்தது. ஹாலிபாக்ஸ் என்ற நான்கு எஞ்சின் விமானத்தை முதன்முதலில் பெற்ற ஸ்குவாட்ரன் அதுதான். ஏப்ரல் 27-ந் தேதி இரவு, நார்வேயில் ஒரு கடல் இடுக்கில் ஒளிந்திருந்த 'டிர்பிட்ஸ்' என்ற ஜெர்மன் யுத்தக் கப்பலைத் தாக்க, மற்ற ஸ்குவாட்ரன்களோடு இதுவும் போயிற்று. மலை இடுக்கு. மூன்று பக்கமும் பீரங்கி. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மொத்தம் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. மறுநாள் இரவும் போனார்கள். இன்னும் இரண்டு போயிற்று.

முதல் இரவில் திரும்பாதவற்றில் ஒன்று நம் மதராஸ் ஸ்குவாட்ரனுடையது. இறக்கையில் தீப்பிடித்து, உறைந்து கிடந்த ஒரு ஏரியின் மேல் பனிக்கட்டியில் வயிற்றால் சறுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் யாரும் சாகவில்லை. எஞ்சின் பார்க்கிறவருக்குக் கணுக்கால் ஒடிந்துவிட்டது. அவர் ஜெர்மானியரிடம் சிக்கினார். மற்றவர்கள் பனியில் நடந்தே ஸ்வீடன் எல்லைக்குப் போய்விட்டார்கள். விமானம் பனியை உருக்கிக்கொண்டு ஏரிக்குள் போயிற்று. 31 வருஷம் அடித்தரையில் கிடந்தது. 1973-ல் அதை வெளியே எடுத்து, லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், துருவும் ஓட்டையுமாக அப்படியே வைத்தார்கள்.

இப்போது அந்த விமானத்துக்குள் இருந்த ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் செத்தால் நமக்கென்ன என்று கேட்கிற தோழர் யாராவது இருந்தால், அவர் கொஞ்சம் கவனமாகக் கேட்கட்டும்.

பெரிய குண்டு விமானத்தில் ஏழு பேர். ஓட்டுகிறவர், எஞ்சின் பார்க்கிறவர், வழி பார்க்கிறவர், குண்டு போடுகிறவர், கம்பியில்லாத் தந்திக்காரர், முதுகில் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் ஒரு துப்பாக்கிக்காரர். சராசரி வயது இருபத்திரண்டு. ஆபீஸ் குமாஸ்தா, பஸ் கம்பெனிப் பையன், பட்டறைத் தொழிலாளியின் மகன், கடைப் பையன், காலேஜ் மாணவன், இப்படிப்பட்டவர்கள். துரைமார் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எல்லோரும் மனு எழுதித் தாங்களாக வந்தவர்கள். ஹிட்லரை ஒழிக்க வேண்டும் என்றே வந்தவர்கள் அவர்களில் ஏராளம்.

யுத்தம் முழுவதும் இந்தப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். செத்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு 44! காயம்பட்டவர்கள் 8,403, எதிரியிடம் கைதியானவர்கள் 9,838. செத்தவர்களில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிரியின் முகத்தையே பார்க்காமல், பயிற்சியிலும் விபத்திலும் செத்தார்கள். கனடாக்காரர்கள் 9,919, ஆஸ்திரேலியர்கள் 4,050, நியூசிலாந்துக்காரர்கள் 1,679, போலந்துக்காரர்கள் 929 பேர் இந்தக் கணக்கில் அடக்கம்.

முப்பது தடவை போய்வந்தால் ஒரு சுற்று முடிந்தது, அப்புறம் ஓய்வு என்று விதி. ஒரு இரவில் நூற்றுக்கு நாலு விமானம் விழுந்தால் மேலிடத்துக்கு அது 'தாங்கக்கூடிய நஷ்டம்'. நம் பாஷையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். விதைக் கிழங்கு நூறு மூட்டையில் நாலு மூட்டை அழுகினால் நாம் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் மிச்சம் 96-ல் மறுபடி நூற்றுக்கு நாலு, அதில் மிச்சத்தில் மறுபடி நாலு என்று முப்பது தடவை அழுகினால்? கடைசியில் கையில் 29 மூட்டைதான். நாலுக்குப் பதில் அஞ்சு என்றால் 21. மேலே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு நூற்றுக்கு நாலு. கீழே போகிற பையனுக்கு நூற்றுக்கு எழுபது!

1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் நகரத்துக்கு 795 விமானங்களை அனுப்பினார்கள். நிலா வெளிச்சம். நேர்கோடாக நீண்ட ஒரே பாதை. ஜெர்மன் இரவுச் சண்டை விமானங்கள் வரிசையில் புகுந்து சுட்டன. 95 விமானங்கள் திரும்பவில்லை. ஐந்நூற்று நாற்பது பேருக்கு மேல் ஒரே இரவில் செத்தார்கள். 1940-ல் லண்டனைக் காத்த சண்டை விமானிகளைப் பற்றிச் சர்ச்சில் பேசாத பேச்சில்லை. அந்தச் சண்டை மாதக்கணக்கில் நடந்தும் அதில் செத்த விமானிகள் எத்தனை பேரோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் இந்த ஒரே இரவில் போனார்கள்.

இனிமேல் போக மாட்டேன், என்னால் முடியாது என்று ஒரு பையன் சொன்னால்? அவன் கோப்பில் 'மனத் துணிவு இல்லாதவன்' என்று முத்திரை குத்தி, பட்டையைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க அனுப்பினார்கள். இருபது தடவை போய்வந்தவனுக்கும் அதே முத்திரைதான்.

இரண்டு அங்குலக் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஃப்ரீமன் டைசன் என்று ஒரு பௌதிக விஞ்ஞானி. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1943-ல் பத்தொன்பது வயதில் அவரைக் குண்டு விமானப் பிரிவின் தலைமை ஆபீசில் கணக்குப் பார்க்க வைத்தார்கள். அவர் எழுதி வைத்திருக்கிறார். விமானம் சுடப்பட்டால் பாராசூட் கட்டிக்கொண்டு அடியில் உள்ள ஒரு கதவு வழியாகக் குதிக்க வேண்டும். பகலில் பறந்த அமெரிக்க விமானம் விழுந்தால் பாதிப் பேர் பிழைத்தார்கள். பழைய ஹாலிபாக்ஸ் விழுந்தால் நாலில் ஒருவர். புதிய, பெருமையான லாங்காஸ்டர் விழுந்தால் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான். ஏன்? ஹாலிபாக்ஸின் கதவு 24 அங்குல அகலம்; லாங்காஸ்டரின் கதவு 22 அங்குலம். கனத்த உடுப்பும் முதுகிலே பையுமாக, சுழன்று விழுகிற விமானத்தில், இருட்டில், அந்த இரண்டு அங்குலம் உயிர்.

டைசனோடு வேலை பார்த்த ஓ'லக்லின் என்பவர் இந்தக் கதவைப் பெரிதாக்குங்கள் என்று மனு மேல் மனுவாக எழுதினார். ஆபீஸ் ஆபீசாகச் சுற்றினார். ஒப்புக்கொள்வதற்குள் யுத்தமே முடியப் போயிற்று. விமானத்தில் குண்டு எத்தனை ராத்தல் கூடுதலாக ஏற்றலாம் என்பதற்கு உடனே உத்தரவு வரும். கதவை இரண்டு அங்குலம் அகலப்படுத்த வராது. மில்லில் சக்கரத்துக்குத் தடுப்புக் கம்பி போடுங்கள் என்று யூனியன் மனு கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதே கதைதான்.

இன்னொன்றும் அவர் கண்டுபிடித்தார். அனுபவம் கூடக்கூடப் பிழைக்கிற வாய்ப்பு கூடும் என்று பையன்களிடம் சொல்லி வந்தார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. முதல் தடவை போகிறவனும் இருபத்தைந்தாவது தடவை போகிறவனும் ஒரே மாதிரி விழுந்தார்கள். ஜெர்மானியர்கள் மேல்நோக்கிச் சுடும் துப்பாக்கி வைத்து, அடி வயிற்றுக்குக் கீழே வந்து சுட்டார்கள். கீழே பார்க்க இந்த விமானத்தில் வழியே இல்லை. என்ன நடந்ததென்று சொல்லத் திரும்பி வந்தவனும் இல்லை. துப்பாக்கி மேடைகளைக் கழற்றிவிட்டால் விமானம் வேகமாகப் போகும், ஏழு பேருக்குப் பதில் ஐந்து பேர் போதும், சாவதும் குறையும் என்று இவர்கள் சொன்னார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை.

இத்தனை உயிரைக் கொடுத்து என்ன சாதித்தார்கள்? 1941 ஆகஸ்டில் அவர்களே ஒரு பரிசோதனை செய்தார்கள். இலக்கைத் தாக்கினோம் என்று எழுதிக் கொடுத்த விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைலுக்குள் போயிருந்தது. ரூர் தொழில் பிரதேசத்தில் பத்தில் ஒன்று. பாக்டரியைக் குறிவைத்து அடிக்க முடியாது என்று ஆயிற்று. அப்புறம் என்ன செய்தார்கள்? குறியைப் பெரிதாக்கினார்கள்! 1942 பிப்ரவரி 14-ல் உத்தரவு போயிற்று: இனிமேல் குறி, எதிரி நாட்டுச் சாதாரண ஜனங்களின், முக்கியமாகத் தொழிலாளர்களின் மனோதைரியம். அடுத்த மாதம் சர்ச்சிலின் அந்தரங்க விஞ்ஞானி செர்வெல் பிரபு ஒரு கணக்குக் கொடுத்தார்: இத்தனை குண்டு போட்டால் இத்தனை வீடு இடியும், ஜெர்மன் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு வீடில்லாமல் ஆகும் என்று. தொழிலாளர் குடியிருப்புகள்தாம் நெருக்கமாக இருக்கும். அங்கே குண்டு வீணாகாது. முதலாளியின் பங்களாவுக்குத் தோட்டம் இருக்கிறதே!

அந்தக் கணக்கு தப்பு, ஐந்து மடங்கு ஆறு மடங்கு மிகைப்படுத்தியது என்று டிசார்டும் பிளாக்கெட்டும் சொன்னார்கள். பிளாக்கெட் சோசலிசக் கருத்துள்ள விஞ்ஞானி. 1948-ல் நோபல் பரிசு பெற்றவர். சுதந்திரத்துக்குப் பிறகு நேரு அழைத்து நம் நாட்டின் ராணுவ விஞ்ஞானத்துக்கு ஆலோசனை கேட்டவர். தூரம் பறக்கும் விமானங்களைக் கடலுக்கு அனுப்புங்கள், நீர்மூழ்கிகளிடமிருந்து கப்பல்களைக் காப்பாற்றுங்கள் என்றார் அவர். அவர் சொல் எடுபடவில்லை.

உத்தரவை நடத்த வந்தவர் ஆர்தர் ஹாரிஸ். இவருடைய பள்ளிக்கூடம் எது தெரியுமா? 1921-ல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 31-ஆவது ஸ்குவாட்ரனுக்குத் தலைவர், அப்புறம் இராக்கில். வரி கொடுக்காத, அடங்காத மலைக் கிராமங்களின் மேல் ஆகாயத்திலிருந்து குண்டு போட்டு அடக்குவதுதான் அங்கே வேலை. மண் குடிசைகளில் கற்ற பாடத்தைப் பிற்பாடு ஹாம்பர்க்கில் எழுதினார். 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க்கில் எழுந்த நெருப்புப் புயலில் முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் இருபத்தைந்தாயிரம் பேர் வரை. இத்தனைக்கும் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 நடுவரைக்கும் ஏறிக்கொண்டே போயிற்று.

நியாயமாகப் பேச வேண்டும். இந்தக் குண்டு வீச்சினால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான பீரங்கிகளையும் சண்டை விமானங்களையும் ஹிட்லர் கிழக்கு முனையிலிருந்து இழுத்து, சொந்த ஊர்களைக் காக்க வைக்க வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டில் சர்ச்சில் மாஸ்கோவுக்குப் போய், இந்த வருஷம் இரண்டாவது போர்முனை கிடையாது, அதற்குப் பதில் ஜெர்மனி மேல் குண்டு போடுகிறோம் என்றபோது, ஸ்டாலின் குண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள் என்றுதான் சொன்னார். இதை மறைத்துப் பேசுவது கம்யூனிஸ்டுக்கு அழகல்ல. ஸ்டாலின்கிராடை நோக்கி நாஜிகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனால் அவர் கேட்டது போர்முனை. அது வந்தது 1944 ஜூன் 6-ல். அதுவரை ஜெர்மன் சேனையின் பெரும்பகுதியை முட்டி முறித்தது செஞ்சேனை. சோவியத் மக்கள் கொடுத்த உயிர் 2 கோடியே 70 லட்சம்.

நம் கட்சி அன்று இதை மக்கள் யுத்தம் என்று சொன்னது. அதை வைத்து நம்மைத் தூற்றாத நாள் இல்லை. அந்த விவாதத்துக்கு இன்னொரு கூட்டம் போடலாம். பாசிசம் ஒழிய வேண்டும் என்பது அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் அந்த யுத்தத்தை நடத்திய பிரிட்டிஷ் சர்க்கார் தன்னுடைய ஏகாதிபத்தியத்தை ஒரு நாளும் ஒதுக்கி வைக்கவில்லை. 1942 ஆகஸ்டில் பீகாரிலும் வங்காளத்திலும் ஒரிஸ்ஸாவில் தால்சேரிலும் ஜனக்கூட்டத்தின் மீது ஆகாய விமானத்திலிருந்து மெஷின் துப்பாக்கியால் சுட்டார்கள். டெல்லி அசெம்பிளியிலேயே ஒப்புக்கொண்ட விஷயம் இது. ஜப்பானைத் தடுக்க விமானம் இல்லை. இந்தியனைச் சுட இருந்தது!

அந்தச் செர்வெல் பிரபு இருக்கிறாரே, வீட்டுக் கணக்குப் போட்டவர், 1943-ல் வங்காளம் பட்டினியில் சாகும்போது தானியக் கப்பல் அனுப்பலாமா என்று சர்ச்சிலுக்கு ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் நின்றது கப்பல் தர வேண்டாம் என்கிற பக்கத்தில். சுமார் முப்பது லட்சம் பேர் செத்தார்கள். ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாதென்று படகுகளைப் பறித்தார்கள். ராணுவத்துக்கும் விமான தளத்துக்கும் என்று விவசாயிகளின் நிலத்தைப் பறித்தார்கள். மிதுனபுரி ஜில்லாவில் சல்போனி, திக்ரி என்ற தளங்கள். அங்கிருந்து லிபரேட்டர் விமானங்கள் பர்மாவுக்கும் சயாமுக்கும் பறந்தன. நம் பக்கத்திலும் உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, சூலூர் என்று தளம் போட்டார்கள். மண் சுமந்தது யார்?

அந்த லிபரேட்டர்கள் தாக்கிய இடங்களில் ஒன்று சயாம்–பர்மா ரயில் பாதை. மரண ரயில் என்று நம் ஜனங்கள் சொல்கிற அதே பாதை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன தமிழர்கள், பல்லாயிரக்கணக்கில், காலராவிலும் பட்டினியிலும் செத்துக் கட்டிய பாதை. அதைக் கட்டியவர்கள் மேலும் குண்டு விழுந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் மேலும் விழுந்தது. மேலே பறந்தவனும் கீழே கிடந்தவனும் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள்.

யுத்தம் முடியும் முன்பே, 1945 மார்ச் 28-ல், பயமுறுத்துவதற்காக ஊர்களை எரிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சர்ச்சிலே குறிப்பு எழுதினார். தான் போட்ட உத்தரவிலிருந்து தானே கழற்றிக்கொள்கிற குறிப்பு! பிழைத்து வந்த பையன்களுக்கென்று தனி யுத்தப் பதக்கம் கொடுக்கவில்லை. மூட்டை சுமக்கச் சொன்னவன், ரத்தக்கறை பட்டதும் மூட்டைக்காரனைத் தெரியாது என்றான். 35-ஆவது ஸ்குவாட்ரனில் இருந்த லெனார்ட் செஷயர் என்பவர் பிற்பாடு 1945 ஆகஸ்ட் 9-ல் நாகசாகி மேல் அணுகுண்டு விழுவதை விமானத்திலிருந்து பார்த்தார்; மிச்ச வாழ்நாளை ஊனமுற்றோருக்கு இல்லம் கட்டுவதில் கழித்தார், நம் நாட்டிலும் கட்டினார். ஒரு மனிதர் தனக்குத் தோன்றியதைச் செய்தார், அவ்வளவுதான் சொல்லலாம்.

லண்டனில் இந்த விமானிகளுக்கு நினைவுச் சின்னம் வந்தது 2012-ல். அதற்கப்புறம் லிங்கன் என்ற ஊரில், 2018-ல் திறந்த நினைவிடத்தில், இரும்புச் சுவர்களில் சுமார் 58,000 பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரும். நான் இதைக் குறை சொல்லவில்லை. செய்ய வேண்டிய காரியம். குமாஸ்தாவின் மகன் பெயரும் பட்டறைக்காரன் மகன் பெயரும் எழுபது வருஷம் கழித்தாவது எழுதப்பட்டது நல்லது. சயாமில் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம். ஆறாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட கல்லறைகள், பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் பெயர் எழுதிய பலகை. அங்கே தமிழ்க் கூலிகளின் பெயர் எழுதிய ஒரு பலகைகூடக் கிடையாது. வங்காளத்தில் செத்த முப்பது லட்சத்தில் எத்தனை பேருடைய பெயரை யார் எழுதி வைத்தார்கள்? மதராஸ் ராஜதானி என்ற பெயர் மட்டும் விமானத்துக்கு வேண்டியிருந்தது. மதராஸ்காரனின் பெயர் வேண்டியிருக்கவில்லை.

மேஜை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் குடும்பத்தில் தாத்தா, பெரியப்பா, யாராவது அந்த யுத்தத்துக்குப் போயிருந்தால், பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ நடந்து வந்திருந்தால், அல்லது போனவர் வராமலே போயிருந்தால், விமான தளத்திலோ இந்த மலை ரோட்டிலோ மண் சுமந்திருந்தால், பெயரும் ஊரும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுப்பார்கள். கிளைத் தோழர் ஒருவர் மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் கிளாவரையிலும் வீடு வீடாக வருவார். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பெயர் சரியாக இருக்கட்டும்.